வராத மாதத்து மண்

முத்துச்செல்விக்கு முதலில் மண்ணின் மீதுதான் சந்தேகம் வந்தது. பெற்றவர்கள் மீது வருவதற்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது.

அது பிப்ரவரி மாதம். நெதர்லாந்தில் அவள் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம். தூத்துக்குடியிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து, நாலாம் இடம், டிசம்பர் இருபது என்று எழுதிய பை ஒன்றை எடுத்தாள். மண்ணை நிறுத்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, உப்பின் அளவைக் காட்டும் மீட்டரை உள்ளே விட்டாள். மூன்று புள்ளி ஒன்று. நவம்பர் மாதத்துப் பையிலும் அதே எண்தான் வந்திருந்தது. அக்டோபரிலும் செப்டம்பரிலும் அதுதான். மீட்டரைக் கழுவித் துடைத்து மறுபடி விட்டாள். மூன்று புள்ளி ஒன்று.

அந்த டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். இருபதாம் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், ஒரு வருஷத்து மழை ஒரே நாளில் பெய்தது. தாமிரபரணி கரை தாண்டிப் போனது. நான்கு நாள் வீட்டுக்குப் போன் போகவில்லை. வந்த படங்களில், அந்த மண் எடுத்த பழையகாயல் பக்கம் உப்பளம் எது, தோட்டம் எது, ரோடு எது என்று அடையாளம் தெரியவில்லை. அப்படிக் குளித்த மண்ணில் உப்பு கொஞ்சம்கூடக் கரையவில்லை என்று மீட்டர் சொன்னது.

அவள் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். உப்பளத்தை ஒட்டிய விளைநிலத்துக்குள் உப்பு எவ்வளவு தூரம் நுழைகிறது, வெயிலில் எவ்வளவு மேலேறுகிறது, மழையில் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று ஒரு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்க வேண்டும். பழையகாயல் பக்கம் ஓர் அளத்தின் கரையில் தொடங்கி வாழைத்தோட்டம் வரைக்கும் நேர்கோட்டில் பன்னிரண்டு இடம் குறித்து, ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருந்தாள். மாதம் ஒரு தடவை, இருபதாம் தேதி, பன்னிரண்டு இடத்திலும் மண் எடுக்க வேண்டும். ஜூலையில் தொடங்கிப் பதினைந்து மாதம். எடுத்ததை நிழலில் காயவைத்துப் பையில் போட்டு, அனுமதிக் கடிதத்தை ஒட்டி அனுப்ப வேண்டும்.

கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் உடன் படித்த சிவபாலன் அந்த வேலையைத் தான் செய்வதாகச் சொல்லியிருந்தான். மண் பரிசோதனை தெரிந்தவன். சம்பளமும் பேசி முடித்தாயிற்று. கெடுத்தது அப்பா.

அப்பா காசிலிங்கத்துக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். தூத்துக்குடிக்கு வந்து கடை போட்டு நாற்பது வருஷம் ஆகிறது. வீடு மில்லர்புரத்தில். நிலாவாரை இலை வாங்கி, காயவைத்து, தரம் பிரித்து, துறைமுகம் வழியாக வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிற வியாபாரம். கடைக்காரர்கள் வாயில் அது சென்னா. மகளுக்கு உதவித்தொகை கிடைத்ததிலிருந்து பால் வாங்கப் போனாலும், முடிவெட்டப் போனாலும், "எம்மவ நெதர்லாந்துல டாக்டருக்குப் படிக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்.

சிவபாலன் பெயரைக் கேட்டதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"பெத்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எவன்ட்டளா கொண்டு குடுக்கப் போற? நான் வெளிநாட்டுக்குச் சாம்பிள் அனுப்பாத ஆளா?"

"அது வேற, இது வேறப்பா. மாசாமாசம் வெயில்ல போய் நிக்கணும்."

"நிப்பேன்."

அவள் ஒரு பில் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்து காட்டினாள். இது வெயில், உப்பு மேலே வரும். இது மழை, உப்பு கீழே போகும். "இந்த ஏத்த இறக்கந்தான்பா என் படிப்பே. ஒரு மாசம் விட்டாலும் கோடு அறுந்து போகும்."

"வெளங்குது. எலையிலயும் மாசத்துக்கு மாசம் ஈரம் மாறத்தான செய்யும்? எனக்குச் சொல்லியா தரணும்" என்றார் காசிலிங்கம்.

அவருக்கு விளங்கியது. இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர் விளங்காதவர் போலப் பேசினார்.

பழகிக்கொள்வதற்காக ஜூனில் ஒரு தடவை அப்பாவும் மகளும் சேர்ந்து மண் எடுத்தார்கள். ஆகர் என்கிற திருகுக் கம்பியை எப்படி இறக்குவது, எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று ஒவ்வொரு கல்லிலும் அவரையே செய்யச் சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே செய்தார். சிவபாலனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

ஜூலையிலிருந்து மாதம் தவறாமல் பெட்டி புறப்பட்டது. மற்ற மாணவர்களுக்கு வரும் மண்ணில் வேர் கிடக்கும், நத்தை ஓடு கிடக்கும், பை கிழிந்து தேதி அழிந்து வரும். முத்துச்செல்விக்கு வந்த மண் சலித்த மாவு மாதிரி இருந்தது. பன்னிரண்டு பையும் ஒரே அளவு, ஒரே மாதிரி எழுத்து. அவளுடைய வழிகாட்டி, கண்டிப்பான பேராசிரியை, ஒரு பையை எடுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்கான ஆள் உனக்கு எங்கே கிடைத்தார் என்று கேட்டார்.

"என் அப்பா" என்றாள். அன்று முழுக்க அந்தப் பதில் அவளுக்கு இனித்தது.

எண்கள் இடத்துக்கு இடம் சரியாக மாறின. அளத்தங்கரையில் உப்பு அதிகம், தோட்டத்துப் பக்கம் குறைவு. ஆனால் மாதத்துக்கு மாதம் மாறவில்லை. ஐப்பசி மழைக்கும் கார்த்திகை மழைக்கும் மண் அசையவே இல்லை. அடியில் இறுகிய களிமண் இருந்தால் உப்பு இறங்க வழியிருக்காது என்று பேராசிரியை ஒரு விளக்கம் சொன்னார். இருவருக்கும் அதில் ஆர்வம் கூடியது. இந்தக் கரையில் பருவமழை உப்பைக் கழுவுவதில்லை என்றால் அது யாரும் சொல்லாத செய்தி. ஜனவரியில் துறைக் கூட்டத்தில் முத்துச்செல்வி அதைப் பற்றிப் பேசினாள். கைதட்டினார்கள். ஏப்ரலில் வியன்னாவில் நடக்கும் மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள்.

காய்ச்சல் பார்க்காமலே நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சார்ட்டில் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்று எழுதி வைக்கிற நர்ஸ் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒருத்தி இருப்பாள். அந்த சார்ட்டைப் போல அழகான சார்ட் வேறெங்கும் கிடைக்காது. நோயாளிக்கு ஜன்னி காணும் வரைக்கும் யாரும் அவளைக் கேட்பதில்லை. டிசம்பர் வெள்ளம் இந்த மண்ணுக்கு வந்த ஜன்னி.

அந்தப் பிப்ரவரி நாளில் மீட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா செல்லத்தாய் எடுத்தாள்.

"எம்மா, டிசம்பர்ல அப்பா எப்ப மண்ணெடுக்கப் போனாவ?"

"இருபதாந்தேதிதாம்ளா. எப்பவும் போல."

"ரோடே இல்லியே அன்னைக்கு."

"இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? மவ படிப்பாச்சே. இடுப்பளவு தண்ணில நடந்து போயிட்டு வந்தாவ. கால்ல முள்ளு கிழிச்சு ரத்தம். நான்தான் மஞ்சப்பத்து போட்டேன்."

முத்துச்செல்வி போனை வைத்துவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் ஆகரை இறக்கினால் சேறுதான் வரும். அவள் கையில் இருந்தது பொலபொலவென்ற மண். ஒருவேளை அம்மாவுக்குத் தேதி குழம்பியிருக்கலாம், தண்ணீர் முழங்காலளவு இருந்திருக்கலாம் என்றெல்லாம் மூன்று வாரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு டிக்கெட் எடுத்தாள். வீட்டுக்குச் சொல்லவில்லை.

மார்ச் பத்தாம் தேதி வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கியவள் மில்லர்புரம் போகவில்லை. வாடகைக் காரை நேராகப் பழையகாயலுக்கு விடச் சொன்னாள்.

கல் பன்னிரண்டில் ஆறு சாய்ந்து கிடந்தது. ஏழாவது கல் இருந்த இடத்தில் வெள்ளம் அறுத்த பள்ளம்தான் இருந்தது. கல்லே இல்லை. ஏழாம் இடத்து மண் ஜனவரியிலும் பை போட்டு வந்திருந்தது.

பக்கத்து அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த சுடலைச்செல்வி அவளைப் பார்த்துவிட்டுக் கரையேறி வந்தாள். கல் நட்ட நாளில் குழி தோண்டிக் கொடுத்தவள் அவள்தான்.

"ஏளா, மண்ணு டாக்டரு. வெளிநாட்டுல சோறு போட மாட்டானுவளா? எலும்பா வந்து நிக்க."

"போடுவாங்கக்கா, நமக்குத்தான் எறங்காது. எங்கப்பா இங்க மாசாமாசம் வாராவளா?"

சுடலைச்செல்வி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தது தெரிந்தது.

"ஆடி பொறந்த சமயம் ஒரு தடவ வந்தாரு. லோடு ஆட்டோவுல ரெண்டு ஆளோட. ஒவ்வொரு கல்லுலயும் சாக்கு சாக்கா அள்ளுனாவ. என்ன அண்ணாச்சி, வீடு கெட்டப் போறீயளான்னு கேட்டேன். எம்மவளுக்குன்னாரு. பொறவு வரல."

"ஒரு தடவகூடவா?"

"நான் இங்கனதான கெடக்கேன், தாயி."

கடைக்கு அவள் போனபோது காசிலிங்கம் கல்லாவில் இருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்து, எதிரே நின்ற ஆளிடம் கையை நீட்டி, "இவதான், இவதான்" என்றார். சந்தோஷம் உண்மையானதுதான்.

"சொல்லாம கொள்ளாம வந்து நிக்க? ஒரு போன் போட்டா வண்டி எடுத்துட்டு வந்திருப்பம்லா."

"மண்ணு எங்கப்பா வச்சிருக்கிய?"

"குடோன்ல மேல் தட்டுல. வெள்ளத்தன்னைக்குக் கடைக்குள்ள முழங்கால் தண்ணி. எலை மூட நனையுது. நான் மொதல்ல ஒன் மண்ணத்தான் மேல ஏத்துனேன், கேளு ஒங்கம்மாட்ட."

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருந்தவர், அவள் பின்பக்கம் குடோனுக்குள் நுழைந்து ஏணியில் கால் வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உணர்ந்தார். "இரு, நான் எடுத்துத் தாரேன்" என்று வருவதற்குள் அவள் மேலே போய்விட்டாள்.

இரண்டு தகரப் பெட்டி. உள்ளே இலைச் சாம்பிள் அனுப்புகிற அதே பைகளில், அதே அழகான எழுத்தில், வரிசையாக மண். மார்ச் இருபது. அன்றைக்குத் தேதி பத்து. அதற்கு அடியில் ஏப்ரல் இருபது. மே, ஜூன், ஜூலை. கடைசியில் செப்டம்பர் இருபது. எண்பத்து நான்கு பை. இன்னும் அடிக்காத வெயிலின் மண்ணும் இன்னும் பெய்யாத மழையின் மண்ணும் காய்ந்து, சலித்து, தேதி போட்டுத் தயாராக இருந்தன.

செப்டம்பர் பை ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"இது என்னதுப்பா?"

காசிலிங்கம் பையைப் பார்க்கவில்லை. "எல்லாம் நீ குறிச்ச எடத்துல எடுத்ததுதான். ஒரு பிடி வெளிமண்ணு கெடையாது."

"செப்டம்பர் மாசத்து மண்ண எங்க எடுத்திய?"

"ஏளா, நாப்பது வருஷமா சாம்பிள் அனுப்புதேன். ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. எல்லாம் ஒரே லாட்டுல, ஒரே குவியல்ல எடுக்கணும். மாசத்துக்கு ஒரு மாதிரி போச்சுன்னா வாங்குதவன் சரக்கு சரியில்லன்னுருவான். ஒனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதான்…"

"நான் படம் போட்டுச் சொன்னேன். வெளங்குதுன்னிய."

"சொன்ன."

"வெளங்குச்சா, இல்லையா?"

கடையில் யாரோ "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, "வாரேன்" என்று சொல்லிவிட்டு நின்றார். பிறகு குரலை இறக்கினார்.

"வெளங்குச்சு. மாசம் ஒரு நாள் கடைய அடைச்சிட்டு முள்ளுக்காட்டுல நின்னு மண்ணு தோண்டுததுக்கு எனக்கென்ன கிறுக்காளா? ஒனக்குப் பட்டம் குடுக்கத்தான கூட்டிட்டுப் போயிருக்கான். மண்ணு ஒரு சாக்குக்குத்தான். எவன் ஒவ்வொண்ணா பாக்கப் போறான்?"

இத்தனை பேச்சில் அவளைக் குத்தியது இந்தக் கடைசி வாக்கியம்தான். பால்காரனிடமும் முடிவெட்டுகிறவனிடமும் சொல்லிப் பூரித்த படிப்பு உள்ளூர அவருக்கு ஒரு சாக்கு. யாருமே பார்க்காத ஒன்றை அவள் ஒவ்வொன்றாக, ராத்திரி பகல் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்பா பாக்கேன்" என்றாள்.

வீட்டில் அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். மகள் வந்த செய்தி அதற்குள் போய்விட்டது. கூடவே மற்றதும் போயிருந்தது. செல்லத்தாய் அடுப்பைப் பார்த்தபடியே, "குளிச்சிட்டு வா, மீன்கொழம்பு வச்சிருக்கேன்" என்றாள்.

"முள்ளு எந்தக் கால்லம்மா கிழிச்சுது?"

செல்லத்தாய் அடுப்பைத் தணித்தாள்.

"ஆவணியில அப்பா செருப்பெல்லாம் உப்பு ஒட்டி வந்துச்சுன்ன. ஐப்பசியில மழையில நனஞ்சு சளி பிடிச்சுன்ன. நான் அங்க இருந்துக்கிட்டு மருந்து வாங்கிக் குடுங்கன்னு சொன்னேன்."

"நீ கேட்ட, சொன்னேன். இல்லன்னா நீ படிக்க மாட்ட, அழுவ."

"அப்பா போவலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சிவபாலன் போயிருப்பான். கோடு அறுந்திருக்காது."

"புருஷன் பொய் சொன்னா பொண்டாட்டி என்ன செய்ய? எதுத்தா சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாம். மஞ்சப்பத்து போட வேண்டாமே."

செல்லத்தாய் கரண்டியைத் தட்டில் வைத்தாள். முத்துச்செல்வி மீன்குழம்பைச் சாப்பிட்டாள். பசி இருந்தது, முப்பது மணி நேரப் பயணம். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, இரண்டு தகரப் பெட்டியையும் கட்டித் தரும்படி கடைக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரு வாரத்தில் திரும்பிப் போனாள்.

யாருக்கும் தெரியாமல் விட்டிருக்கலாமா என்று அவள் யோசிக்காமல் இல்லை. கைதட்டல் வாங்கிய செய்தி, ஏற்றுக்கொண்ட சுருக்கம். எண்களைப் பார்த்து எவருக்கும் சந்தேகம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டால் பட்டம் வந்துவிடும். ஆனால் அப்பா சொன்ன மாதிரி மண் சாக்காகிவிடும். அதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை.

வரப்போகும் செப்டம்பர் மாதத்தின் நாலாம் இடத்துப் பையையும் மீட்டரில் பார்த்தாள். மூன்று புள்ளி ஒன்று. அந்த எண்ணோடு போய்ப் பேராசிரியையின் முன் உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே நாளில் எடுத்த மண்ணையே திரும்பத் திரும்ப அளந்திருக்கிறாய், நம் மீட்டர் நல்ல மீட்டர் என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது என்றார். அவர் கோபம் அந்த அளவோடு நின்றது. மற்றதெல்லாம் காகிதம். வியன்னாவுக்குப் போன சுருக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும். துறைக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். மண்ணை எடுத்தவர் யார் என்ற இடத்தில் களப்பணியாளர் என்று எழுதினால் போதும் என்றார் அலுவலகத்துப் பெண். முத்துச்செல்வி என் தந்தை, காசிலிங்கம் என்று எழுதினாள். சரக்குச் சீட்டு அல்லாத ஒரு வெளிநாட்டுக் காகிதத்தில் அவர் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை.

துறைக் குழு கூடி முடிவு சொன்னது. மறுபடி ஒரு வருஷம் மண் எடுக்கலாம், அவளே எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தேதியோடு படம், நோட்டில் எடுத்தவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து. உதவித்தொகை முடியும் நாள் ஒரு நாளும் நகராது. நான்கு அத்தியாயம் எழுத நினைத்தவள் மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏப்ரலில் ஊர் வந்தாள். மில்லர்புரத்தில் தங்கவில்லை. பழையகாயலிலேயே ஓர் அறை எடுத்தாள். மில்லர்புரத்தில் கேட்டவர்களுக்குக் காசிலிங்கம், "ஆராய்ச்சி லீவு" என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. அவள் மறுத்துப் பேசப் போகவில்லை. சாய்ந்த கற்களை நிமிர்த்தி, ஏழாவது கல்லை அளந்து புதிதாக நட்டாள். மாதம் இருபதாம் தேதி ஆனால் சுடலைச்செல்வி கூலி வாங்கிக்கொண்டு கூட வருவாள். வெயில் மாதங்களில் எண் ஏறிக்கொண்டே போனது. ஆகஸ்டில் நாலாவது கல்லில் ஐந்தைத் தொட்டது. அவள் பில் தாளில் வரைந்த கோடு அப்படியே மேலே போயிற்று.

நவம்பர் இருபதாம் தேதி தூறலில் எட்டாவது கல்லில் நின்றபோது கரையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. காசிலிங்கம். குடை, பழைய செருப்பு, மடித்துக் கட்டிய வேட்டி. வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்து வந்தார்.

"அண்ணாச்சிக்கு இன்னைக்குத்தான் தேதி நெனவு வந்திருக்கு" என்றாள் சுடலைச்செல்வி, ஆகரைத் திருகிக்கொண்டே.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. மகளிடம், "கடைய அடச்சிட்டு வந்தேன்" என்றார்.

"சரிப்பா."

"போன மாசத்துக்கு இந்த மாசம் எறங்கியிருக்கா?"

"இங்கயே பாக்க ஒரு சின்ன மீட்டர் வச்சிருக்கேன். நாலாவது கல்லுல ஒண்ணு புள்ளி ரெண்டு."

"ஆகஸ்டுல?"

"அஞ்சு."

அவர் நாலாவது கல் இருந்த பக்கம் பார்த்தார். வியாபாரி, எண் புரியும். "பையப் பிடிச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டுக் கையை நீட்டினார்.

"பையத் தொடாதீங்க."

நீட்டிய கையைக் குடைக்குத் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டாவது கல் வரைக்கும் அவர்கள் பின்னாலேயே நடந்து வந்தார். அங்கே முத்துச்செல்வி நோட்டைத் திறந்து கையெழுத்துப் போட்டாள். சுடலைச்செல்வி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பார்த்தவர் என்ற இடத்தில் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். எழுதி முடிக்கும் வரை காசிலிங்கம் நோட்டுக்கு மேலே குடையைப் பிடித்தார்.

"நானும் இன்னைக்குப் பாத்தம்லா. போடட்டுமா?"

"வேண்டாம்பா. இந்த நோட்டுல ஒங்க கையெழுத்து செல்லாது."

அவள் ஆகரைக் கழுவித் துடைத்து, பன்னிரண்டு பையையும் எண்ணி வாளியில் வைத்தாள். அவர் வண்டியைக் கிளப்பி, பின் சீட்டைக் கையால் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். முத்துச்செல்வியும் சுடலைச்செல்வியும் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ நிற்கும் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள்.